குன்னூரில் ஒரு கறுப்புப் படச்சுருள்

புதன் இரவு, கோயம்புத்தூர்

குன்னூரில் ஒரு கண்காட்சி பார்க்கப் போகிறேன். மலை ரயிலுக்காகத்தான் ஒரு நாள் முன்னதாகவே கோவைக்கு வந்து அறை எடுத்தேன். சாயங்காலம் போனில் செய்தி வந்தது: கல்லாறுக்கு மேலே தண்டவாளத்தில் மண் சரிந்து கிடக்கிறது, நாளைய வண்டி ரத்து. மழைக்காலத்தில் இந்தப் பாதையில் இது வாடிக்கை. 1899ல் குன்னூர் வரை, 1908ல் ஊட்டி வரை போட்ட பாதை. 208 வளைவு, 250 பாலம், 16 குகைப்பாதை. இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம். பஸ் இருக்கிறது.

மிச்சமான மாலையை டவுன்ஹால் பக்கம் நடந்து கழித்தேன். வெரைட்டி ஹால் ரோட்டில் இப்போது நடக்கவே இடமில்லை. அந்த ரோட்டுக்குப் பெயர் கொடுத்த சினிமா கொட்டகையை 1914ல் கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1905ல், ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டிருந்த டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பிவிட்டார். கையில் ஒரு புரொஜெக்டர் இருந்தால் ஊரே கூடும் என்று நம்பிய முதல் தமிழர்களில் ஒருவர்.

அவரை இப்போது நினைக்கக் காரணம் இருக்கிறது. குன்னூரில் ஒரு கேலரியில், ஒரே கலைஞருடைய கண்காட்சி நடக்கிறது. ஓவியம் இல்லை, சிற்பம் இல்லை. வீடியோவும் புரொஜெக்டரும் மட்டும்தான். இந்த மாதிரி விஷயங்களில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் போன வாரம் ஒரு நண்பர் கூப்பிட்டு, "அந்தம்மாவோட அப்பா எச்.பி.எஃப்.ல வேலை பார்த்தவர். கண்காட்சியே அதைப் பத்தித்தான். டார்க்ரூம்ல கிடந்த ஆளு நீங்க, போய்ப் பார்க்காம இருக்கலாமா?" என்றார். ஈரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போடும் வேலையில் என் இளமைக்காலம் போனது உண்மைதான். எச்.பி.எஃப். என்றால் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். ஊட்டியில் இருந்த மத்திய அரசு ஆலை. "இந்து" என்று பெயர் போட்ட பிலிமும் பேப்பரும் எங்கள் ஸ்டுடியோ அலமாரியில் எப்போதும் இருக்கும்.

சரி, கிளம்புகிறேன்.

வியாழன், குன்னூர்

காலையில் மேட்டுப்பாளையம் சாலை பேருந்து நிலையத்தில் ஊட்டி பஸ் பிடித்தேன். சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். பஸ்காரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மட்டும் கூடாது, அவ்வளவுதான். பர்லியாரில் பஸ் நின்றது, டீ சுமார். அதற்கு மேல் பனி. குன்னூரில் இறங்கியபோது மழை நின்றிருந்தது. பெட்ஃபோர்டுக்கு ஆட்டோ.

கேலரி ஒரு பழைய பங்களா. மரப் பலகை போட்ட தரை, அறைக்கு அறை கணப்பு அடுப்பு, சாய்வான தகரக் கூரை. கலைஞரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேலையைப் பத்தி எழுதுங்க அண்ணா, நல்லா இல்லைன்னாலும் எழுதுங்க. என்னை விட்டுடுங்க" என்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பேச்சில் ஊட்டியும் கோவையும் கலந்து வருகிறது.

நுழைந்தவுடன் பெரிய ஹால். மூன்று சுவருக்கு மூன்று புரொஜெக்டர். மூன்று படமும் ஓரத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டி, நம்மைச் சுற்றி ஒரே காடாகத் தெரிகிறது. கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களுக்கு நடுவில் பனி நகர்கிறது. அதுதான் படம். மெல்லிய சங்கீதம் வேறு. கூட்டம் அங்கேதான். ஆளாளுக்கு முதுகைச் சுவருக்குக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் அதே பனி, அதே மரம். போதாததற்கு நண்பகலில் திரைச்சீலை இடுக்கில் வெளிச்சம் கசிந்து, படத்தில் இருட்டாக இருக்கவேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. டிஜிட்டல் புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. எவ்வளவு அடைத்தாலும் கொஞ்சம் ஒளி வெளியே வந்துவிடும். அதனால் அறை எவ்வளவு இருட்டோ, படத்தின் கறுப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

திருப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம். அந்தப் பெரியவர் கவுன்டரில் இருந்த பெண்ணிடம், "படம் எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

"ஆரம்பமெல்லாம் இல்லீங்க ஐயா. ஓடிட்டே இருக்கும். எப்ப வேணா போங்க, எப்ப வேணா வாங்க."

"அப்ப முடிவு?"

"அதுவும் இல்லீங்க."

அவர் யோசித்துவிட்டு உள்ளே போனார். கேட்டது சரியான கேள்வி. சினிமாவுக்குப் பழகிய ஊர் நம்முடையது. நாற்காலி, இடைவேளை, வணக்கம் எல்லாம் வேண்டும். இந்தக் கலையோ தொடங்கும்போதே அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் வந்தது. 1963ல் ஜெர்மனியில் நாம் ஜுன் பைக் என்ற கொரியாக்காரர், டிவி பெட்டிகளின் உள்சுற்றைக் கெடுத்துப் படத்தைக் கோணல்மாணலாக்கிக் காட்சிக்கு வைத்தார். நாலு வருஷம் கழித்து சோனி தோளில் தூக்கிப்போகிற வீடியோ கருவி கொண்டுவந்ததும், ஸ்டுடியோவும் முதலாளியும் இல்லாமல் தனியாள் படம் பிடிக்க முடிந்தது. நம் நாட்டில் நளினி மலானி, வண்ணம் தீட்டிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உருளைகளைச் சுழலவிட்டு, நிழலும் வீடியோவும் கலந்த அறைகளைச் செய்தார். தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

ஹாலைத் தாண்டி, கணப்பு அடுப்பு உள்ள சின்ன அறை. ஆளே இல்லை. இங்கேதான் உட்கார்ந்துவிட்டேன்.

நடுவில் ஒரு 16 எம்எம் புரொஜெக்டர். எங்கள் ஊரில் கோயில் திடலில் வேனை நிறுத்தி, வேட்டியைக் கட்டிக் குடும்பக் கட்டுப்பாடு படம் காட்டுவார்களே, அந்த வகை. அதில் சுமார் நாலு மீட்டர் பிலிமை வளையமாக ஒட்டி, கூரையில் தொங்கும் உருளைகள் வழியே சுற்றவிட்டிருக்கிறார். நொடிக்கு 24 படம் என்றால், நாலு மீட்டர் ஓட ஏறக்குறைய 22 நொடி. பிறகு மறுபடி அதே. பிலிமில் படம் எதுவும் கிடையாது. முழுக்கக் கறுப்பு. முழு வெளிச்சம் காட்டிக் கழுவியெடுத்த பிலிம்.

கண்காட்சி தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஒன்றுமே தெரியவில்லையாம். வந்தவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று சொல்லிப் போனார்களாம். ஆனால் பிலிம் ஒவ்வொரு சுற்றிலும் உருளையில் உரசுகிறது, தூசி படிகிறது, கீறல் விழுகிறது. ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல். கறுப்புப் பூச்சு கீறிய இடத்தில் ஒளி வெளியே வருகிறது. இன்றைக்கு வியாழன், சுவரில் மயிரிழை மாதிரி நாலைந்து வெள்ளைக் கோடுகள் நடுங்கிக்கொண்டு ஓடின. டூரிங் டாக்கீஸில் பழைய பிரிண்ட் ஓட்டினால் "படத்துல மழை பெய்யுது" என்போமே, அந்த மழை. படமே இல்லாமல் மழை மட்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். கோடு ஒன்று பளிச்சென்று குறுக்கே போகும். ஒரு நொடி கழித்து ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம். 16 எம்எம் பிலிமின் ஓரத்தில் ஒலிக்கான பட்டை உண்டு. படம் காட்டும் வாசலைத் தாண்டி 26 படம் தள்ளித்தான் அந்தப் பட்டையைப் படிக்கும் விளக்கு இருக்கிறது. ஆகவே ஒரே கீறல் முதலில் கண்ணுக்கு, அப்புறம் காதுக்கு, மின்னலும் இடியும் போல. இதை அங்கே எந்த அட்டையிலும் எழுதி வைக்கவில்லை. நல்லது.

இன்னும் ஒரு அறை பாக்கி. நாளைக்கு.

வெள்ளி, குன்னூர்

இரவெல்லாம் மழை. காலையில் சிம்ஸ் பூங்கா வரை நடந்துவிட்டு, பத்து மணிக்குக் கேலரி.

மூன்றாவது அறை பங்களாவின் பழைய சமையலறை. ஜன்னலில்லை. உள்ளே போக இரண்டு கறுப்புத் திரை. முதல் திரையைத் தள்ளி, அது மூடிய பிறகுதான் இரண்டாவதைத் தள்ளவேண்டும். டார்க்ரூம் வாசல் இப்படித்தான் இருக்கும். அந்த இரண்டு திரைக்கு நடுவில் நின்றபோதே எனக்கு ஹைப்போ (கழுவிய படத்தை நிலைக்கவைக்கும் ரசாயனம்) வாசனை அடித்தது. உண்மையில் அங்கே ஒரு வாசனையும் கிடையாது.

உள்ளே ஒரு மர மேஜை, ஒரு ஸ்டூல். மேலே கூரையில் புரொஜெக்டர், நேராகக் கீழே பார்க்கிறது. மேஜைமேல் இரண்டு கைகள். வயசான ஆணின் கைகள், அசல் அளவில். அவை இல்லாத ஒரு தாளை எடுக்கின்றன, மூலையைக் கட்டைவிரலால் தடவுகின்றன, திருப்புகின்றன, இல்லாத கத்தியின்கீழ் நகர்த்துகின்றன, இல்லாத உறையில் போட்டு மடிக்கின்றன. வேகம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஓரத்திலிருந்து ஒரு குரல் பேசுகிறது. எப்போது வேலைக்குச் சேர்ந்தார், ஷிப்ட் எப்படி, குளிருக்கு என்ன போட்டுக்கொள்வார்கள்.

ஸ்டூலில் உட்கார்ந்து என் கையை மேஜைமேல் வைத்தேன். அவருடைய கை என் கைமேல் விழுந்தது. என் நகத்தின்மேல் அவருடைய நகம், என் தோல் சுருக்கத்தில் அவருடைய சுருக்கம். அவர் விரல் நகரும்போது என் விரல் தானாகக் கொஞ்சம் அசைந்தது. டார்க்ரூமில் நான் பிலிம் ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்ப்பேன். பூச்சு உள்ள பக்கம் லேசாக ஒட்டும். அதெல்லாம் கைக்குத் தெரிந்த வேலை, மண்டைக்கு இல்லை. சுவரில் மாட்டியிருந்தால் இந்த வீடியோவை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பேன். மேஜைமேல் விழுந்ததால் உட்காரவேண்டி வந்தது, உட்கார்ந்ததால் கை வைக்கவேண்டி வந்தது. படம் எதன்மேல் விழுகிறது என்பதை அந்தப் பெரிய ஹாலில் யோசிக்காமல் விட்டவர், இங்கே அதை மட்டுமே யோசித்திருக்கிறார்.

வெளியே வந்தால் தாழ்வாரத்தில் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் மகளோடு வருவாராம். நான் ஸ்டுடியோக்காரன் என்றதும் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

"அதுல ஒரு தப்பு இருக்குது தம்பி. பார்த்தீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"கையுறை இல்லை. வெறுங்கையில நாங்க யாரும் பிலிமைத் தொடமாட்டோம். வேர்வை பட்டா கெட்டுப் போச்சு. இவகிட்ட சொன்னேன், கேக்கலை. கை தெரியணுமாம்."

மகள் உள்ளிருந்து, "அப்பா, எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்றீங்க" என்றார்.

"தப்புன்னா சொல்லத்தானே வேணும்?"

படம்பிடித்த கதையையும் அவரே சொன்னார். பிலிம்மேல் வெளிச்சம் படக்கூடாது என்பதால் ஆலையில் இந்த வேலை இருட்டில்தான். ஆனால் முழு இருட்டில் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் விளக்குப் போட்டு, அவர் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, மேலே கேமராவை மாட்டியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் சிரித்ததில் பாதி வீணாகப் போயிருக்கிறது.

இருட்டைப் பற்றிக் கேட்டேன். எல்லா இடமும் ஒரே இருட்டு இல்லை என்றார். நீல ஒளியை மட்டும் வாங்குகிற சரக்கு ஓடும் இடத்தில் மங்கலான சிவப்பு விளக்கு போடலாம். எல்லா நிறத்தையும் வாங்குகிற பிலிம் என்றால் அதுவும் கூடாது. ஸ்டுடியோவில் எங்களுக்கும் அதே கணக்குத்தான்: பிரிண்ட் போடச் சிவப்பு பல்பு, பிலிம் கழுவ இருட்டு. ஆனால் எங்களுக்கு அது பத்து இருபது நிமிஷம். இவர்களுக்கு ஷிப்ட் முழுக்க. நடைபாதையில் எதிரே வருகிறவர்கள்மேல் மோதாமல் இருக்க "வர்றேன், வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்களாம். "குரலை வச்சே யாரு, மேனேஜரா நம்மாளான்னு தெரிஞ்சுடும். கண்ணைத் தொறந்து வச்சாலும் மூடி வச்சாலும் ஒண்ணுதான் தம்பி. ஆனா தொறந்துதான் வச்சிருப்போம்."

மதியம் கணப்பு அறைக்குப் போனேன். மழை கொஞ்சம் வலுத்திருக்கிறது. சுவரில் சொல்கிறேன்.

சனி இரவு, குன்னூர்

இன்றைக்குச் சாயங்காலம் வெளிப்புறக் காட்சி. எச்.பி.எஃப். ஊழியர்களின் இந்து நகர் குடியிருப்பில் எடுத்த பழைய குடும்பப் போட்டோக்களை, பங்களாவின் வெள்ளைப் பக்கச் சுவரில் பெரிதாகக் காட்டுவது திட்டம். பள்ளி ஆண்டுவிழா, பொங்கல், புதுச் சைக்கிள், ஸ்வெட்டர் போட்ட கல்யாண மாப்பிள்ளை. அதற்காகக் கோவையில் வாடகைக்கு 5000 லூமென் வெளிச்சம் தரும் புரொஜெக்டர் எடுத்து, கம்பளியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார்கள். குளிரில் லென்ஸில் நீர் கோத்துவிட்டது. ஹேர் டிரையர் வைத்து ஒரு பையன் காயவைத்துக்கொண்டிருந்தான்.

ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் எச்.பி.எஃப். குடும்பங்கள். ஆறரைக்கு ஆரம்பித்து, நாலைந்து படம் போயிருக்கும். "ஏய், அது நம்ம ரோஸி டீச்சர்" என்று ஒரு குரல், சிரிப்பு. அப்போது பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறியது. ஐந்து நிமிஷத்தில் சுவர் காணாமல் போனது. புரொஜெக்டரிலிருந்து கிளம்பிய ஒளி மட்டும் ஒரு பெரிய சாய்ந்த கூம்பாக, கையால் தொடலாம் போல, தோட்டத்தின்மேல் நின்றது. படம் மாறும்போதெல்லாம் கூம்புக்குள் நிழல்கள் தகடு தகடாக அசைந்தன.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒருத்தன் உள்ளே குதித்தான். அப்புறம் அத்தனை பேரும். பெரியவர்கள் போனைத் தூக்கினார்கள்.

இப்படி ஒரு ஒளிக்கூம்பை மட்டுமே கலையாக வைத்தவர் உண்டு. 1973ல் ஆந்தனி மெக்கால் செய்த 16 எம்எம் வேலை அது, அரை மணி நேரம். இருட்டறையில் ஒரு புள்ளி மெல்ல மெல்ல நகர்ந்து வட்டக்கோடாக வளர, பார்ப்பவர்கள் திரையை விட்டுவிட்டு ஒளியைப் பார்ப்பார்கள். அப்போது நியூயார்க்கின் பழைய கிடங்குகளில் தூசியும் சிகரெட் புகையும் தாராளம். ஒளி நன்றாகத் தெரிந்தது. சுத்தமான மியூசியத்துக்குள் கொண்டுபோனதும் கூம்பைக் காணோம். பிற்பாடு புகை கிளப்பும் கருவி வாங்கவேண்டி வந்தது. குன்னூரில் அந்தச் செலவு இல்லை.

ஆனால் நம் கலைஞர் ரசிக்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது. "எல்லாரும் வந்ததே அந்த போட்டோவைப் பார்க்கத்தான் அண்ணா. இப்ப லைட்டைப் பார்த்துட்டுக் கை தட்டுறாங்க." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பாட்டிகள், தங்கள் வீட்டுப் போட்டோ வரும் என்று ஊட்டியிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் கூம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஏழே காலுக்குக் கரன்ட்டும் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள், ஆனால் அவர் புரொஜெக்டரை அணைக்கச் சொல்லிவிட்டார். உள்ளே கவுன்டர் லேப்டாப்பைத் திறந்து, பாட்டிகளை மட்டும் உட்காரவைத்து, போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர்கள் ஒவ்வொன்றையும் நிறுத்தச் சொல்லி, யார் யார் என்று பேசி முடிக்க ஒன்பது மணியாகிவிட்டது. டீ வந்தது. இன்றைய காட்சிகளில் இதுதான் சரியாக நடந்தது.

ஞாயிறு, ஊட்டி

வெயில்! குன்னூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஊட்டி ஸ்டாண்டில் மாறி, ஃபிங்கர் போஸ்ட் தாண்டி, கூடலூர் போகும் சாலையில் எச்.பி.எஃப். நிறுத்தம். நடத்துனர் இன்னும் அந்தப் பெயரைத்தான் கூவுகிறார்.

பார்க்க ஒன்றும் இல்லை என்று எல்லாரும் சொல்லி அனுப்பினார்கள். உண்மைதான். கேட் பூட்டியிருக்கிறது, காவலாளி உள்ளே விடமாட்டார். சுற்றிலும் கற்பூர மரம், சீகை மரம், புதர். நீளமான ஆலைக் கட்டிடங்களின் கூரை கொஞ்சம் தெரிகிறது. ஜன்னல் இல்லாத சுவர்கள். வேறு எந்த ஆலையைப் பார்த்தாலும் ஜன்னலைத்தான் முதலில் தேடுவோம். இங்கே இல்லாததுதான் அழகு.

நிறுவனம் 1960ல் தொடங்கியது, உற்பத்தி 1967ல். தொழில்நுட்பம் பிரான்ஸின் பௌஷே கம்பெனியிடமிருந்து. மலைமேல் வைத்ததற்குக் காரணம் இந்தக் காற்று: குளிர்ச்சி, தூசி குறைவு. பிலிம் என்பது மெல்லிய தகட்டின்மேல் ஜெலட்டினும் வெள்ளி உப்பும் கலந்த பூச்சு. அதில் ஒரு துகள் தூசி விழுந்தாலும் காலத்துக்கும் நிற்கும். கறுப்பு வெள்ளை பிலிம், சினிமா பிலிம், எக்ஸ்ரே, பிரிண்ட் பேப்பர் எல்லாம் இங்கிருந்து இறங்கின. எழுபது எண்பதுகளில் அரசு ஆஸ்பத்திரியில் கை ஒடிந்து படம் எடுத்தவர்களில் எத்தனையோ பேருடைய எலும்பு இந்து பிலிமில்தான் பதிந்திருக்கும். அப்புறம் கலர் வந்தது, இறக்குமதி திறந்துவிட்டது, கடன் ஏறியது. தொண்ணூறுகளில் நலிந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள். டிஜிட்டல் வந்தபோது அடிக்க மிச்சம் எதுவும் இல்லை.

நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை. கடைக்கார அம்மாவின் மாமனார் ஆலையில் டிரைவராம். வெள்ளி கலந்த கழிவை எவ்வளவு பத்திரமாக எடுத்துப் போவார்கள் என்று ஒரு கதை சொன்னார். ஒரு பக்கெட் தண்ணீரைக் கூடக் கணக்கெழுதாமல் கொட்டமாட்டார்களாம். எங்கள் ஸ்டுடியோவிலும் பழைய ஹைப்போவை வாங்கிப்போக மாதம் ஒருவர் வருவார், அதிலிருந்து வெள்ளி பிரிக்க. அவர் கொடுக்கும் காசில்தான் எங்களுக்கு டீ.

ஊட்டி ஏரி, பூங்கா எதற்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தாங்காது. சாயங்காலமே குன்னூர் திரும்பிவிட்டேன்.

திங்கள், குன்னூர்

கேலரிக்கு விடுமுறை. பை கட்டிக்கொண்டிருந்தபோது கலைஞரிடமிருந்து போன். "அண்ணா, லூப் அறுந்துடுச்சு. உங்களுக்கு ஒட்டத் தெரியுமா?"

தெரியும். பத்து மணிக்கு அங்கே இருந்தேன். கணப்பு அறையின் பிலிம் வளையம் ஞாயிறு கடைசி நேரத்தில் அறுந்திருக்கிறது. பிலிம் வெட்டி ஒட்டும் ஸ்ப்ளைஸர் அவரிடமே இருந்தது. இரண்டு நுனியையும் ஊசிப்பல்லில் பொருத்தி, ஓரத்தை நேராக வெட்டி, டேப்பை மேலும் கீழும் ஒட்டி, பல் ஓட்டைகளைக் குத்திவிட்டால் போதும். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். ஒரு வாரக் கீறல். நீளவாக்கில் போகும் கோடுகள்தான் அதிகம். ஒரு இடத்தில் மட்டும் நகக்கீறல் மாதிரி குறுக்காக ஒரு கொத்து. அதுதான் வியாழக்கிழமை நான் கேட்ட 'டப்'. பூதக்கண்ணாடி வைத்தால் கீறலின் இரு கரையிலும் கறுப்பு பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. அந்தக் கறுப்பு சாயம் இல்லை. வெள்ளி. வெளிச்சம் பட்ட உப்பு டெவலப்பரில் உலோகமாக மாறி, பொடியாக உறைந்து நிற்பதுதான் பிலிமின் கறுப்பு. ஹாலில் இருக்கும் மூன்று புரொஜெக்டராலும் முடியாததை இந்த நாலு மீட்டர் சுலபமாகச் செய்வது அதனால்தான்.

"இது இந்து பிலிமா?" என்று கேட்டேன்.

"ஆசைப்பட்டேன், கிடைக்கலை அண்ணா. கிடைச்சதெல்லாம் காலாவதியாகிப் பூஞ்சை பிடிச்சது. இது சென்னையில ஒருத்தர்கிட்ட வாங்கினது." அட்டையில் அதை மறைக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார்.

பெரிய ஹாலைப் பற்றி நினைத்ததைச் சொல்லிவிட்டேன். அது இல்லாமலே கண்காட்சி நிற்கும், இந்த இரண்டு சின்ன அறையும் போதும் என்று. அவர் கோபப்படவில்லை.

"அந்த ஹாலுக்குத்தான் டிக்கெட் வாங்கி ஆள் வர்றாங்க. அதை போட்டோ எடுத்துப் போடுறாங்க, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வர்றாங்க. அந்த நாலுல ஒருத்தர் தெரியாம இந்தப் பக்கம் வந்து மேஜையில உட்கார்றாங்க. ஹால் இல்லைன்னா வாடகை யார் குடுக்கிறது, சொல்லுங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அந்தச் சங்கீதத்தையாவது நிறுத்துங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றார். யோசிக்கமாட்டார் என்று தோன்றியது.

லூப்பை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். ஒட்டுப்போட்ட இடம் 22 நொடிக்கு ஒரு தடவை 'டக்' என்று குதிக்கிறது. எடுத்துவிடலாமா, புதிதாக இன்னும் சுத்தமாக ஒட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார். அவர் அப்பா நாற்காலியிலிருந்து, "ஒட்டு நேரா இல்லை தம்பி" என்றார். நேராகத்தான் இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மாதக் கடைசி வரை இருக்கிறது, திங்கள் விடுமுறை. நாலு மணிக்கு மேல் போங்கள். வெளிச்சம் குறைந்தால்தான் ஹாலும் கொஞ்சம் பார்க்கும்படி இருக்கும். மேஜை அறையில் வீடியோ ஒரு சுற்று வர 14 நிமிஷம், ஒரே ஸ்டூல், ஆகவே வரிசை இருந்தால் சண்டை போடாமல் தாழ்வாரத்தில் உட்காருங்கள். வெள்ளிக்கிழமை என்றால் பெரியவர் இருப்பார். கையுறை விஷயத்தை அவரே சொல்வார், நீங்கள் முந்திக்கொள்ளவேண்டாம். கணப்பு அறைக்கு ஸ்வெட்டர் அவசியம், அடுப்பு பெயருக்குத்தான். வர்க்கி வாங்குவதாக இருந்தால் கீழே மார்க்கெட் பக்கம் பேக்கரிகளில் வாங்குங்கள். கேலரி வாசலில் விற்பதும் அதே வர்க்கிதான், விலை மட்டும் பெட்ஃபோர்டு விலை.